மூச்சை அளந்த விஞ்ஞானி: அந்துவான் லவோசியர் (1743 – 1794)

மாணவர்களே, மனித சுவாசத் தொகுதி பற்றிய அலகைப் படித்து முடித்த பின்னரும் பலருக்கு ஒரு மயக்கம் எஞ்சியிருக்கும். மூச்சுவிடுதலும் சுவாசமும் ஒன்றா? உணவிலுள்ள சக்தி உடலின் எவ்விடத்தில் வெளிவிடப்படுகின்றது? இரண்டாவது வினாவுக்குச் சுவாசப்பை என்று எழுதிப் புள்ளிகளை இழப்போர் பலர்.

இம்மயக்கத்தைத் தீர்ப்பதற்கு ஒரு நல்ல வழி உண்டு. சுவாசத்தின்போது உடலில் நடைபெறுவது யாது என்பதை அளந்து காட்டிய மனிதரின் வாழ்க்கையைப் படித்துப் பாருங்கள். அவர் பிரான்ஸ் நாட்டு இரசாயனவியலாளர் அந்துவான் லவோசியர். சுவாசம் என்பது மெதுவாக நடைபெறும் ஒரு தகனம் எனச் சரியாகக் கண்டவர் அவர். அத்தகனம் நடைபெறும் இடத்தைத் தவறாகக் கருதியவரும் அவரே. அவர் சரியாகக் கண்டது எது, தவறவிட்டது எது என்பதை விளங்கிக்கொண்டால் இவ்வலகின் மையக் கருத்து உங்கள் மனதில் நிலைத்து நிற்கும்.

1. இளமைக் காலம்

லவோசியர் 1743 ஆகஸ்ட் 26 ஆம் திகதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு சட்டத்தரணி. ஐந்து வயதில் தாயை இழந்த லவோசியர் உறவினரின் அரவணைப்பில் வளர்ந்தார். வசதியான குடும்பமாதலால் பாரிசின் சிறந்த கல்லூரிகளுள் ஒன்றான மசரின் கல்லூரியிற் கல்வி கற்றார். தந்தையின் வழியில் சட்டம் பயின்று தேர்ச்சி பெற்றாராயினும் அத்தொழிலைச் செய்யவில்லை. அவரது மனம் விஞ்ஞானத்திலேயே நாட்டங் கொண்டது.

1768 ஆம் ஆண்டு அவரது வாழ்வின் திருப்புமுனையாகும். அவ்வாண்டில், தமது 25 ஆவது வயதில், பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் அங்கத்தவராகத் தெரிவு செய்யப்பட்டார். அதே ஆண்டில் அவர் இன்னொரு காரியமும் செய்தார். அக்காலப் பிரான்சில் உப்பு, புகையிலை முதலிய பொருட்களின் மீதான வரியை அரசு நேரடியாக அறவிடவில்லை. தனியார் குழுவொன்று அரசுக்கு ஒரு தொகையைச் செலுத்திவிட்டு, மக்களிடம் வரியை அறவிட்டுக் கொண்டது. அக்குழுவில் லவோசியர் ஒரு பங்கை வாங்கினார். அதிலிருந்து கிடைத்த வருமானமே அவரது விலையுயர்ந்த பரிசோதனைக் கருவிகளுக்குப் பயன்பட்டது. பிற்காலத்தில் அவரது உயிரைப் பறித்ததும் அதுவே. இவ்விரண்டு செய்திகளையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

1771 இல் அதே குழுவைச் சேர்ந்த ஒருவரின் மகளான மரி ஆன் போல்ஸ் என்பவரை மணந்தார். அவர் கணவருக்காக ஆங்கிலம் கற்று, ஆங்கில விஞ்ஞானக் கட்டுரைகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். ஓவியம் பயின்று பரிசோதனைக் கருவிகளை வரைந்தார். பரிசோதனைகளின்போது அளவீடுகளைக் குறித்துக் கொண்டார். லவோசியரின் ஆய்வுகளில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

2. அக்காலத்தில் நிலவிய கருத்து

18 ஆம் நூற்றாண்டில், எரியக்கூடிய பொருட்கள் எல்லாவற்றிலும் புளோஜிஸ்தன் என்றொரு பொருள் உண்டு என்றும், பொருள் எரியும்போது அது வெளியேறுகின்றது என்றும் விஞ்ஞானிகள் நம்பினர். மூச்சுவிடுதலின் நோக்கம் உடலைக் குளிரச் செய்வது என்ற பழைய கருத்தும் பலரிடம் இருந்தது.

லவோசியர் தராசை நம்பியவர். தாக்கத்துக்கு முன்னரும் பின்னரும் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்ப்பது அவரது வழக்கம். 1772 இல் அவர் பொசுபரசையும் கந்தகத்தையும் எரித்துப் பார்த்தார். எரிந்த பின்னர் திணிவு கூடியிருந்தது. புளோஜிஸ்தன் வெளியேறியிருந்தால் திணிவு குறைந்திருக்க வேண்டுமல்லவா? எனவே எரியும்போது காற்றிலிருந்து ஏதோவொன்று பொருளுடன் சேர்கின்றது என அவர் முடிவு செய்தார். ஆனால் அது என்ன என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

விடைக்கான திறவுகோல் இங்கிலாந்திலிருந்து வந்தது. யோசேப் பிறீஸ்லி என்பவர் 1774 ஆகஸ்ட் மாதம் செந்நிறமான இரசவொட்சைட்டை வெப்பமேற்றி ஒரு வாயுவைப் பெற்றார். அவ்வாயுவில் மெழுகுதிரி மிகப் பிரகாசமாக எரிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் பாரிசுக்கு வந்த பிறீஸ்லி ஓர் இராப்போசன விருந்தில் லவோசியரைச் சந்தித்து இதைக் கூறினார். சுவீடனில் ஷீலே என்பவர் இவ்வாயுவைப் பிறீஸ்லிக்கும் முன்னரே தயாரித்திருந்தார். எனினும் அவரது நூல் 1777 இலேயே வெளிவந்தது. லவோசியர் தமது முதற் கட்டுரையில் பிறீஸ்லியின் பங்கைக் குறிப்பிடவில்லை என்ற குறை அன்றே எழுந்தது. அது நியாயமான குறையே. ஆயினும் அவ்வாயு எத்தகையது என்பதைப் பிறீஸ்லி இறுதிவரை புளோஜிஸ்தனைக் கொண்டே விளக்கினார். அதனைக் காற்றின் ஒரு கூறாக இனங்கண்டு தகனத்துக்கும் சுவாசத்துக்கும் பொதுவான விளக்கம் தந்தவர் லவோசியர்.

3. பன்னிரண்டு நாட் பரிசோதனை

லவோசியர் வளைந்த கழுத்துடைய கண்ணாடிக் குடுவையொன்றில் இரசத்தை இட்டு, அளவிடப்பட்ட 50 கன அங்குலக் காற்றுடன் தொடர்புபடுத்தினார். இரசத்தை 12 நாட்கள் தொடர்ந்து வெப்பமேற்றினார். இரசத்தின் மேற்பரப்பிற் செந்நிறத் துணிக்கைகள் தோன்றின. காற்றின் கனவளவு 42 அல்லது 43 கன அங்குலமாகக் குறைந்தது. எஞ்சிய காற்றில் மெழுகுதிரி அணைந்தது. அதனுள் விடப்பட்ட விலங்குகள் இறந்தன.

பின்னர் அச்செந்நிறப் பொருளைச் சேகரித்து மேலும் உயர்ந்த வெப்பநிலைக்கு வெப்பமேற்றினார். 7 முதல் 8 கன அங்குலம் வாயு வெளிவந்தது. இழந்த கனவளவு அப்படியே திரும்பக் கிடைத்துவிட்டது. இவ்வாயுவை எஞ்சிய காற்றுடன் கலந்தபோது சாதாரண காற்றை ஒத்த கலவை பெறப்பட்டது.

இப்பரிசோதனையின் முடிவுகள் யாவை?

அ) காற்று ஒரு தனிப் பொருளன்று, அது வாயுக்களின் கலவையாகும்.
ஆ) அதில் ஒரு பகுதி மட்டுமே தகனத்துக்கும் உயிர்வாழ்க்கைக்கும் உதவுகின்றது.
இ) பெரும்பகுதி அவற்றுக்கு உதவுவதில்லை.

உதவும் பகுதிக்கு அவர் ஒட்சிசன் எனப் பெயரிட்டார். அமிலத்தை உண்டாக்குவது என்பது இச்சொல்லின் பொருளாகும். எல்லா அமிலங்களிலும் ஒட்சிசன் உண்டு என அவர் எண்ணியதே இதற்குக் காரணம். இது பிழையான எண்ணமாகும். ஐதரோக்குளோரிக் அமிலத்தில் ஒட்சிசன் இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். எனினும் பெயர் நிலைத்துவிட்டது.

4. சிட்டுக்குருவியும் சுண்ணாம்பு நீரும்

1777 இல் லவோசியர் விலங்குகளின் சுவாசம் பற்றிய முக்கியமான கட்டுரையொன்றைச் சமர்ப்பித்தார். அதற்காக அவர் இரசத்தின் மேல் கவிழ்க்கப்பட்ட மணிச்சாடியொன்றினுள் ஒரு சிட்டுக்குருவியை வைத்தார். முதலிற் குருவி இயல்பாக இருந்தது. சிறிது நேரத்தின் பின்னர் மூச்சுவிட இடர்ப்பட்டது. ஒரு மணித்தியாலத்துக்குள் இறந்துவிட்டது.

சாடியிலிருந்த காற்றின் கனவளவு மிகச் சிறிதளவே குறைந்திருந்தது. அப்படியாயின் காற்றில் மாற்றம் எதுவும் நிகழவில்லையா? அவர் அக்காற்றைச் சோதித்தார். தீச்சுவாலை அதில் அணைந்தது. தெளிந்த சுண்ணாம்பு நீர் பால் நிறமாக மாறியது. காரக் கரைசலொன்றைப் பயன்படுத்தி அவ்வாயுவை அகற்றியபோது எஞ்சியது, இரசப் பரிசோதனையில் எஞ்சிய வாயுவைப் போன்றே இருந்தது.

குருவி ஒட்சிசனை உள்ளெடுத்துக் காபனீரொட்சைட்டை வெளிவிட்டுள்ளது. ஒன்றின் இடத்தை மற்றையது நிரப்பியதால் கனவளவில் பெரிய மாற்றம் தெரியவில்லை. மெழுகுதிரி எரியும்போதும் இதே வாயு மாற்றமே நிகழ்கின்றது. நைதரசன் மாற்றமின்றி உட்சென்று மாற்றமின்றி வெளிவருகின்றது. உட்சுவாசக் காற்றையும் வெளிச்சுவாசக் காற்றையும் ஒப்பிடும் அட்டவணையில் நீங்கள் எழுதும் தரவுகள் இக்கருத்தையே காட்டுகின்றன. உட்சுவாசக் காற்றில் ஒட்சிசன் ஏறத்தாழ 21%, காபனீரொட்சைட்டு 0.04%. வெளிச்சுவாசக் காற்றில் அவை முறையே ஏறத்தாழ 16%, 4%. நைதரசன் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவாகும்.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். இக்கட்டுரையில் லவோசியர் இரு சாத்தியங்களைக் கூறினார். ஒன்று, ஒட்சிசன் சுவாசப்பையிலேயே காபனீரொட்சைட்டாக மாற்றப்படலாம். மற்றையது, ஒட்சிசன் குருதியால் உறிஞ்சப்பட்டு, அதற்குப் பதிலாகக் காபனீரொட்சைட்டு குருதியிலிருந்து வெளிவிடப்படலாம். இரண்டாவது கூற்றே சரியானது என்பதை இன்று நீங்கள் அறிவீர்கள். பிற்காலத்தில் அவர் முதலாவது கூற்றின் பக்கமே சாய்ந்தார்.

5. பனிக்கட்டிக்குள் கினிப்பன்றி

எரியும் மெழுகுதிரி வெப்பத்தைத் தருகின்றது. சுவாசமும் தகனம் என்றால் விலங்கின் உடல் வெப்பமும் அதனாலேயே உண்டாக வேண்டும். இதை எவ்வாறு நிரூபிப்பது?

கணிதவியலாளர் லாப்பிளாசுடன் சேர்ந்து 1782 – 1783 குளிர்காலத்தில் லவோசியர் பனிக்கட்டிக் கலோரிமானியை அமைத்தார். இதில் ஒன்றினுள் ஒன்றாக மூன்று பகுதிகள் இருந்தன. நடுவில் விலங்கை வைப்பதற்கான கூடு. அதைச் சுற்றி ஒரு பனிக்கட்டிப் படை. வெளியே இன்னொரு பனிக்கட்டிப் படை. வெளிப்படை அறையின் வெப்பம் உள்ளே வராமல் தடுத்தது. ஆகவே உட்படையில் உருகும் பனிக்கட்டி முழுவதும் விலங்கின் வெப்பத்தினாலேயே உருகியதாகும். உருகிய நீரைச் சேகரித்து நிறுத்தால் வெப்பத்தின் அளவு தெரிந்துவிடும். எவ்வளவு எளிமையான முறை!

கினிப்பன்றியொன்றை 10 மணித்தியாலங்கள் உள்ளே வைத்தபோது 13 அவுன்சு, அதாவது சுமார் 400 கிராம் பனிக்கட்டி உருகியது. வேறொரு பரிசோதனையில் அவ்விலங்கு அதே நேரத்தில் வெளிவிடும் காபனீரொட்சைட்டின் அளவு காணப்பட்டது. அதேயளவு காபனீரொட்சைட்டு உண்டாகுமாறு கரியை எரித்தால் ஏறத்தாழ 10½ அவுன்சு, அதாவது சுமார் 320 கிராம் பனிக்கட்டி உருகும் எனக் கணிக்கப்பட்டது.

இரு அளவுகளும் முற்றாகச் சமனல்ல. ஆனால் நெருங்கியவை. எனவே சுவாசம், மிக மெதுவாக நடைபெறுகின்ற, ஒளியைத் தராத ஒரு தகனம் என அவர்கள் 1783 இல் முடிவு செய்தனர். எஞ்சிய வேறுபாட்டை லவோசியர் மறந்துவிடவில்லை. 1785 இல் அதற்கு விளக்கம் தந்தார். உடலில் காபன் மட்டுமன்றி ஐதரசனும் ஒட்சிசனுடன் சேர்கின்றது. அப்போது நீரும் மேலதிக வெப்பமும் உண்டாகின்றன என்றார். காற்றுச் சுவாசத்துக்கு நீங்கள் எழுதும் சொற்சமன்பாட்டை இப்போது பாருங்கள்.

குளுக்கோசு + ஒட்சிசன் → காபனீரொட்சைட்டு + நீர் + சக்தி

இச்சமன்பாட்டின் வலப்பக்கத்தில் நீர் எவ்வாறு வருகின்றது எனச் சில மாணவர்கள் கேட்பதுண்டு. குளுக்கோசில் காபனுடன் ஐதரசனும் இருப்பதே அதற்கான காரணமாகும்.

6. முகமூடி அணிந்த மனிதர்

விலங்குகளில் கண்டதை மனிதரிலும் அளக்க லவோசியர் விரும்பினார். அவரது உதவியாளரான ஆர்மன் செகின் தம்மையே பரிசோதனைக்கு உட்படுத்த முன்வந்தார். 1790 அளவில் நடைபெற்ற இப்பரிசோதனைகளில் செகின் முகமூடியொன்றை அணிந்து, குழாயினூடாக ஒட்சிசனைச் சுவாசித்தார். அவர் பயன்படுத்திய ஒட்சிசனின் அளவும் நாடித்துடிப்பும் அளக்கப்பட்டன. மரி ஆன் மேசையருகே அமர்ந்து குறிப்பெடுத்தார். இக்காட்சியை அவர் வரைந்த படங்கள் இன்றும் உள்ளன.

வெறும் வயிற்றுடன் ஓய்வாக இருக்கும்போது ஒரு மணித்தியாலத்தில் பயன்படுத்தும் ஒட்சிசனின் அளவை 1 எனக் கொண்டால், பெறப்பட்ட பேறுகள் வருமாறு:

• குளிரான சூழலில் ஓய்வு: ஏறத்தாழ 1.1 மடங்கு
• உணவு உண்ட பின் ஓய்வு: ஏறத்தாழ 1.5 மடங்கு
• வெறும் வயிற்றுடன் பாரம் தூக்கும் வேலை: ஏறத்தாழ 2.6 மடங்கு
• உணவு உண்ட பின் அதே வேலை: ஏறத்தாழ 3.8 மடங்கு

ஓடும்போது உங்களுக்கு மூச்சு வாங்குவதேன் என்பதற்கான விடை இங்கே உள்ளது. தசைகள் வேலை செய்யும்போது அவற்றுக்குக் கூடுதலான சக்தி தேவை. அதற்குக் கூடுதலான ஒட்சிசன் தேவை. எனவே சுவாச வீதமும் இதயத் துடிப்பு வீதமும் அதிகரிக்கின்றன.

இப்பேறுகளிலிருந்து லவோசியர் விஞ்ஞானத்துக்கு அப்பாலும் ஒரு முடிவுக்கு வந்தார். உடலுழைப்பாளி அதிக ஒட்சிசனைப் பயன்படுத்துகிறான். ஆகவே அவனுக்கு அதிக உணவு தேவை. ஆனால் உழைக்கும் ஏழைக்கு உணவு குறைவாகவும் உழைக்காத செல்வந்தனுக்கு மிகுதியாகவும் கிடைக்கின்றது. இது நீதியன்று எனத் தமது கட்டுரையில் அவர் சுட்டிக்காட்டினார். மருத்துவமனையின் படுக்கை மண்டபத்திலும் நாடக அரங்கிலும் காற்றைச் சேகரித்து, மக்கள் நெருக்கமாக இருக்கும் இடங்களிற் காற்று எவ்வளவு கெடுகின்றது என்பதையும் ஆராய்ந்தார். இவ்வாறு ஏழைகளுக்காக எழுதியவர், அதே ஏழைகளிடம் உப்புவரி அறவிட்ட குழுவின் பங்காளராகவும் இருந்தார். அவரது வாழ்வின் இம்முரண்பாட்டை நாம் மறைக்க வேண்டியதில்லை.

7. புரட்சியும் மரணமும்

1789 இல் லவோசியர் தமது புகழ்பெற்ற இரசாயனப் பாடநூலை வெளியிட்டார். திணிவுக் காப்பு விதி அதில் தெளிவாகக் கூறப்பட்டது. 33 எளிய பொருட்களின் பட்டியலும் அதில் இடம்பெற்றது. அதே ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. புதிய அரசுக்கும் அவர் உழைத்தார். மீற்றர், கிலோகிராம் என்பவற்றை உள்ளடக்கிய புதிய அளவை முறையை உருவாக்கும் பணியிற் பங்குகொண்டார்.

ஆனால் வரி அறவிடும் குழுவின் மீது மக்கள் கொண்டிருந்த கோபம் வளர்ந்தது. வரி செலுத்தாது பொருட்கள் நகருக்குள் வருவதைத் தடுக்கப் பாரிசைச் சுற்றி மதில் எழுப்பும் யோசனையைக் கூறியவர் லவோசியர். அம்மதிலை மக்கள் வெறுத்தனர். மரா என்ற புரட்சியாளர் எழுதிய நெருப்புப் பற்றிய ஆய்வை விஞ்ஞானக் கழகம் முன்னர் ஏற்க மறுத்திருந்தது. 1791 இல் அவர் லவோசியரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். மதிலைக் கட்டிப் பாரிசுக்குள் காற்று வருவதையே தடுத்துவிட்டார் என்பதும் அவரது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. காற்றை ஆராய்வதற்கு வாழ்நாளைச் செலவிட்டவர் மீது இப்படியொரு பழி!

1793 நவம்பரில் வரிக் குழுவினரைக் கைது செய்ய உத்தரவிடப்பட்டது. லவோசியரும் அவரது மாமனாரும் தாமாகவே சரணடைந்தனர். மக்களுக்கு விற்கும் புகையிலையில் நீர் கலந்தமை உட்படப் பல குற்றங்கள் குழுவின் மீது சுமத்தப்பட்டன. 1794 மே 8 ஆம் திகதி விசாரணை நடந்தது. அன்றே தீர்ப்பு, அன்றே தண்டனை. லவோசியரும் மாமனாரும் உட்பட 28 பேர் கில்லட்டினில் சிரச்சேதம் செய்யப்பட்டனர். அப்போது அவருக்கு வயது 50.

தலை வெட்டப்பட்ட பின்னரும் கண்களைச் சிமிட்டிக் காட்டினார் என்றொரு கதை பரவலாகக் கூறப்படுகின்றது. அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை, விடைகளில் எழுதாதீர்கள். அடுத்த ஆண்டிலேயே அவர் மீதான தீர்ப்பு தவறானது என ஒப்புக்கொள்ளப்பட்டு, பறிமுதல் செய்யப்பட்ட உடைமைகள் மனைவியிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. கணவரின் முடிவுறாத கட்டுரைத் தொகுப்பை வெளிக்கொணர்ந்த மரி ஆன் 1836 இற் காலமானார்.

8. லவோசியர் தவறவிட்டது

காபனும் ஐதரசனும் சுவாசப்பையிலேயே ஒட்சிசனுடன் சேர்ந்து எரிகின்றன என்பதே லவோசியரின் பிற்காலக் கருத்து. அவர் உயிருடன் இருந்தபோதே இதற்கு எதிரான வாதமொன்று எழுந்தது. உடலின் வெப்பம் முழுவதும் சுவாசப்பையிலே உண்டானால் சுவாசப்பை உடலின் ஏனைய பகுதிகளைவிட மிகவும் சூடாக இருக்க வேண்டுமல்லவா? கணிதவியலாளர் லக்ராஞ்சின் இவ்வாதம் 1791 இல் வெளியானது. வெப்பம் குருதி செல்லும் இடமெங்கும் உண்டாக வேண்டும் என்பது அவரது முடிவு.

1837 இல் ஜேர்மனியரான மக்னஸ் குருதியிலிருந்து வாயுக்களைப் பிரித்தெடுத்தார். நாடிக் குருதி, நாளக் குருதி ஆகிய இரண்டிலும் ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் இருந்தன. நாடிக் குருதியில் ஒட்சிசன் கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே குருதி ஒட்சிசனை எடுத்துச் சென்று உடலின் வேறு பாகங்களுக்குக் கொடுக்கின்றது என்பது தெளிவாகியது. பின்னர் வந்த ஆய்வுகள் அது கலங்களுக்குள் நடைபெறுவதை உறுதிப்படுத்தின. 20 ஆம் நூற்றாண்டில், கலத்தின் இழைமணிகளே காற்றுச் சுவாசத்தின் பிரதான இடம் எனக் கண்டறியப்பட்டது.

எனவே மனித சுவாசத்தை நீங்கள் மூன்று படிகளாகப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும்.

படி 1: மூச்சுவிடுதல். பிரிமென்றகடு சுருங்கித் தட்டையாகின்றது. பழுவிடைத் தசைகள் சுருங்குவதால் பழு என்புகள் மேல்நோக்கியும் வெளிநோக்கியும் அசைகின்றன. நெஞ்சறைக் குழியின் கனவளவு அதிகரிக்க, உள்ளே அமுக்கம் குறைகின்றது. வெளிக்காற்று நாசிக்குழி, தொண்டை, குரல்வளை, வாதனாளி, சுவாசப்பைக் குழாய்கள், சுவாசப்பைச் சிறுகுழாய்கள் வழியாகச் சிற்றறைகளை அடைகின்றது. ஓய்வின்போது ஒரு தடவையில் உட்செல்லும் காற்று ஏறத்தாழ 500 மில்லிலீற்றர். தசைகள் தளர்ந்ததும் கனவளவு குறைந்து காற்று வெளியேறுகின்றது.

படி 2: வாயுப் பரிமாற்றம். இரு சுவாசப்பைகளிலும் கோடிக்கணக்கான சிற்றறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய, ஈரலிப்பான சுவரினூடாக ஒட்சிசன் குருதி மயிர்க்குழாய்களுக்குள் பரவுகின்றது. காபனீரொட்சைட்டு குருதியிலிருந்து சிற்றறைக்குள் பரவுகின்றது. ஒட்சிசனின் பெரும்பகுதி செங்குருதிக் கலங்களிலுள்ள ஈமோகுளோபினுடன் சேர்ந்து கொண்டு செல்லப்படுகின்றது.

படி 3: கலச் சுவாசம். உடலின் உயிருள்ள கலங்களில் குளுக்கோசு போன்ற உணவுப் பொருட்கள் உடைக்கப்பட்டுச் சக்தி வெளிவிடப்படுகின்றது. லவோசியர் கண்ட தகனம் இதுவே. ஆனால் விறகு எரிவதுபோல் ஒரே முறையில் நடைபெறுவதன்று. நொதியங்களின் உதவியுடன் பல சிறு தாக்கங்களாக, உடல் வெப்பநிலையில் நடைபெறுவதாகும். வெளிவிடப்படும் சக்தியின் ஒரு பகுதி ஏ.ரி.பி. மூலக்கூறுகளிற் சேமிக்கப்படுகின்றது. எஞ்சியது வெப்பமாகி உடலின் வெப்பநிலையைப் பேண உதவுகின்றது.

சுவாசப்பை முதலிரு படிகளுக்கான இடம். மூன்றாவது படி உங்கள் விரல் நுனியிலும் மூளையிலும் தசையிலும் இக்கணமே நடைபெற்றுக் கொண்டிருக்கின்றது. லவோசியரின் அளவீடுகள் பிழைக்கவில்லை. அவர் அளந்தது உட்சென்ற வாயுவையும் வெளிவந்த வாயுவையும் வெப்பத்தையும் மட்டுமே. அவை இடையில் எங்கே மாறின என்பதை அவ்வளவீடுகளால் மட்டும் கூற முடியாது. பரிசோதனை காட்டுவது எது, நாம் ஊகிப்பது எது என வேறுபடுத்திப் பார்க்கும் பழக்கம் செய்முறை வினாக்களுக்கு விடையளிக்கும்போது உங்களுக்கும் கைகொடுக்கும்.

நினைவிற் கொள்க

• மூச்சுவிடுதல் ஒரு பொறிமுறைச் செயற்பாடு; கலச் சுவாசம் ஓர் இரசாயனச் செயற்பாடு.
• வெளிச்சுவாசக் காற்றிலும் ஒட்சிசன் உண்டு. வெளிவருவது காபனீரொட்சைட்டு மட்டுமே என எழுதுவது பிழை.
• தகனம், காற்றுச் சுவாசம் இரண்டிலும் ஒட்சிசன் பயன்படுகின்றது. காபனீரொட்சைட்டு, நீர், வெப்பம் என்பன உண்டாகின்றன.
• தகனம் விரைவானது, உயர் வெப்பநிலையில் நடைபெறுவது. சுவாசம் படிப்படியானது, நொதியங்களால் கட்டுப்படுத்தப்படுவது.

பயிற்சி வினாக்கள்

1. சிட்டுக்குருவிப் பரிசோதனையிற் காற்றின் கனவளவு பெரிதும் குறையாமைக்குக் காரணம் யாது?
2. பனிக்கட்டிக் கலோரிமானியில் வெளிப்புறப் பனிக்கட்டிப் படையின் தொழில் யாது?
3. வேலை செய்யும்போது சுவாச வீதம் அதிகரிப்பதேன்?
4. சுவாசம் சுவாசப்பையில் மட்டும் நடைபெறுகின்றது என்ற கூற்றுக்கு எதிராக இரண்டு சான்றுகள் தருக.

விடைக் குறிப்புகள்

1. பயன்படுத்தப்பட்ட ஒட்சிசனின் இடத்தை, வெளிவிடப்பட்ட காபனீரொட்சைட்டு பெருமளவுக்கு நிரப்பியமை.
2. சூழலின் வெப்பம் உட்படையை அடையாது தடுத்தல்.
3. தசைக் கலங்களுக்குக் கூடுதலான சக்தி தேவைப்படுவதால் கலச் சுவாச வீதம் அதிகரிக்கின்றது. அதற்கு வேண்டிய ஒட்சிசனை வழங்கவும் உண்டாகும் காபனீரொட்சைட்டை அகற்றவும் சுவாச வீதம் அதிகரிக்கின்றது.
4. சுவாசப்பை உடலின் ஏனைய பாகங்களைவிட மிகவும் சூடாக இல்லாமை. நாளக் குருதியைவிட நாடிக் குருதியில் ஒட்சிசன் கூடுதலாக இருத்தல், அதாவது உடலின் பாகங்களில் ஒட்சிசன் பயன்படுத்தப்படல்.